வேணும்னே பண்ணலை

“ரிப்போர்ட் எல்லாம் நார்மல். ஒண்ணுமில்லம்மா, நல்லாத்தான் இருக்கீங்க.” டாக்டர் ஆறுதலுக்காகச் சொல்லும் இந்த வார்த்தை, வீடு போய்ச் சேர்வதற்குள் வேறு அர்த்தம் எடுத்துவிடும். பாபநாசத்திலிருந்தோ திருத்துறைப்பூண்டியிலிருந்தோ ஸ்கேன், எண்டோஸ்கோப்பி, ஈசிஜி என்று பல வருடத்துக் காகிதங்களை மஞ்சப்பையில் சுமந்துகொண்டு தஞ்சாவூர் மெடிக்கல் காலேஜ் ரோட்டுக்கு வந்துபோகும் பெண்கள் உண்டு. திரும்பும் பஸ்ஸிலேயே குடும்பம் தீர்ப்பு எழுதி முடித்திருக்கும்: ஒண்ணுமில்லையாம், சும்மா நடிக்கிறா.

இந்த அத்தியாயம் நான்கு வகை மனநலக் கோளாறுகளைப் பற்றியது. உடம்பின் வழியே வருபவை, நினைவும் சுயமும் விட்டுப்போவதால் வருபவை, சாப்பாட்டைச் சுற்றி வருபவை, குணம் என்று நாம் நினைப்பதைச் சுற்றி வருபவை. பாடப்புத்தகங்களில் நான்கும் தனித்தனி அதிகாரங்கள். வீடுகளில் நான்குக்கும் சேர்த்து ஒரே குற்றச்சாட்டுதான்: வேணும்னே பண்றா. சென்ற ஐம்பது, அறுபது ஆண்டு ஆராய்ச்சியைத் திரட்டிப் பார்த்தால், அந்தக் குற்றச்சாட்டு நான்கிலும் தவறு என்று தெரிகிறது. அதைத்தான் ஒவ்வொன்றாகப் பார்க்கப் போகிறோம்.

வலி இருக்கிறது, புண் இல்லை

நெஞ்சுப் படபடப்பு, உடம்பெல்லாம் எரிச்சல், உச்சந்தலையில் சூடு, வயிற்றில் பந்து மாதிரி உருளுவது, கை கால் அசதி, “வாயு நெஞ்சில அடைக்குது.” காவிரி டெல்டாவின் எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காலை நேர வரிசையில் இவை காதில் விழும். இவற்றில் பெரும்பகுதிக்கு உடம்பிலேயே காரணம் இருக்கலாம் என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நாள் முழுக்கக் குனிந்து நாற்று நடுபவருக்கு இடுப்பு வலித்தால் அது மனநோய் இல்லை. ஐந்தாவது தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயதுப் பெண்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு ரத்தசோகை இருக்கிறது. அசதிக்கும் படபடப்புக்கும் அது ஒன்றே போதும். தைராய்டு, சர்க்கரை, பூச்சிமருந்து அடிக்கும்போது உடம்பில் ஏறும் நச்சு, எல்லாவற்றையும் பார்த்த பிறகுதான் அடுத்த கேள்விக்கு வர வேண்டும்.

முன்பெல்லாம் ‘காரணம் தெரியாத உடல் அறிகுறி’ என்பதையே நோயின் அடையாளமாக வைத்திருந்தார்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் 2013-இல் வெளியிட்ட டிஎஸ்எம்-5 கையேடு அந்த நிபந்தனையை எடுத்துவிட்டது. காரணம் தெரிந்ததா தெரியாததா என்பது இப்போது முக்கியமில்லை. அந்த அறிகுறியைப் பற்றிய கவலை, ஆஸ்பத்திரி அலைச்சல், பயம் ஆகியவை ஒருவர் வாழ்க்கையில் எவ்வளவு இடத்தை விழுங்கியிருக்கின்றன என்பதே அளவுகோல். உண்மையான இதயநோய் இருப்பவருக்கும் உடல் அறிகுறிக் கோளாறு கூடவே இருக்கலாம்.

புண் இல்லாமல் எப்படி வலிக்கும்? வலி என்பது உடம்பிலிருந்து மூளைக்கு வந்து சேரும் செய்தி மட்டும் இல்லை. வரும் செய்தியை மூளை எடை போடுகிறது. ஆபத்து என்று எதிர்பார்த்தால் பெரிதாக்குகிறது, இல்லையென்றால் அடக்குகிறது. தூக்கம் கெட்டால், கவலை நீண்டால், கவனம் எப்போதும் அந்த இடத்திலேயே இருந்தால், சாதாரண குடல் அசைவுகூட வலியாகப் பதிவாகும். வலிக்கிறது என்று அவர் சொல்வது நிஜம். வலி உண்டாகும் இடம்தான் ஸ்கேனில் தெரிவதில்லை.

எந்த அறிகுறி வரும் என்பதை ஊரும் கொஞ்சம் தீர்மானிக்கிறது. விந்து போவதால் உடம்பு உருகுகிறது என்று அஞ்சும் இளைஞர்களின் நிலையை 1960-இல் மனநல மருத்துவர் நரேந்திர விக் ‘தாது நோய்க்குறி’ என்று பெயரிட்டு விவரித்தார். அந்தப் பயத்தை வைத்தே பிழைக்கும் லாட்ஜ் வைத்தியர்களின் விளம்பரங்களைத் தமிழ்நாட்டில் பார்க்காதவர் இருக்க முடியாது. பெண்கள் பக்கத்தில் வெள்ளைப்படுதல். விக்ரம் படேலும் குழுவினரும் கோவாவில் நடத்திய ஆய்வில், வெள்ளைப்படுகிறது என்று சொன்ன பெண்களில் தொற்றைவிட மனச்சோர்வும் குடும்பத் துன்பமும்தான் அந்தப் புகாரோடு வலுவாகச் சேர்ந்திருந்தன. வீட்டில் சொல்ல முடியாததை உடம்பின் பேரில் சொல்லலாம். அதற்கு யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள்.

சிகிச்சையில் ஒரு எளிய விஷயம் பெரிய பலன் தருகிறது. 1986-இல் அமெரிக்காவின் ஆர்க்கன்சா பல்கலைக்கழகத்தில் ரிச்சர்ட் ஸ்மித் குழுவினர், இப்படிப்பட்ட நோயாளிகளின் டாக்டர்களுக்கு ஒரு ஆலோசனைக் கடிதம் அனுப்பினார்கள். வலி வந்தால் வா என்று சொல்லாதீர்கள். குறித்த இடைவெளியில் வரச் சொல்லுங்கள். ஒவ்வொரு முறையும் உடம்பைத் தொட்டுப் பாருங்கள். தேவையில்லாமல் டெஸ்ட் எழுதாதீர்கள். இவ்வளவுதான் கடிதத்தின் சாரம். மருத்துவச் செலவு ஏறத்தாழ பாதியாகக் குறைந்தது. நோயாளிகளின் உடல்நிலை மோசமாகவில்லை. ஒரே டாக்டர், ஒரே தேதி, தொடர்ந்த பழக்கம். பிறகு தேவைப்பட்டால் மனநல ஆலோசனையும் மாத்திரையும்.

கால் ஏன் நகரவில்லை

காலையில் எழுந்தவுடன் ஒரு பெண்ணுக்கு வலது கால் வரவில்லை. எம்ஆர்ஐ சுத்தம். நடிக்கிறாளா? சார்ல்ஸ் ஃபிராங்க்ளின் ஹூவர் என்ற அமெரிக்க மருத்துவர் 1908-இல் விவரித்த ஒரு சோதனை இன்றும் நரம்பியல் வார்டுகளில் நடக்கிறது. செலவில்லாத சோதனை. நோயாளி மல்லாந்து படுத்திருப்பார். டாக்டர் தன் உள்ளங்கையை வலது குதிகாலுக்கு அடியில் வைத்து, “இந்தக் காலைக் கட்டில்ல அழுத்துங்க” என்பார். அழுத்தம் வராது. பிறகு, “சரி, இதை விடுங்க. இடது காலை மேல தூக்குங்க” என்று சொல்லி இடது காலைத் தன் மறு கையால் தடுப்பார். இடது காலைத் தூக்க முயலும் அந்த நொடியில், நோயாளிக்கே தெரியாமல், வலது குதிகால் டாக்டரின் உள்ளங்கையை பலமாக அழுத்தும்.

கால் வேலை செய்கிறது. நரம்பும் தசையும் நன்றாக இருக்கின்றன. ‘நான் நகர்த்துகிறேன்’ என்று அவர் முயலும்போது மட்டும் கட்டளை போய்ச் சேரவில்லை. ஆறு நிறையத் தண்ணீர் போனாலும் மதகு இறங்கியிருந்தால் வாய்க்கால் காய்ந்துதான் கிடக்கும். மதகை இறக்கியது வயல்காரர் இல்லை. பழைய தலைமுறை டாக்டர்கள் இந்தச் சோதனையைக் கள்ளத்தைப் பிடிக்கும் வித்தையாகப் பயன்படுத்தினார்கள். இன்றைய நரம்பியல் மருத்துவர்கள் அதை நோயாளிக்கே காட்டுகிறார்கள்: “பாருங்க, உங்க கால்ல பலம் இருக்கு, திரும்ப வரும்.” குணமாவது பல பேருக்கு அங்கேதான் தொடங்குகிறது.

நடிப்பு என்ற சந்தேகத்துக்கு நேரான பதில் 2010-இல் வந்தது. வலேரி வூன் குழுவினர், இவ்வகை நடுக்கம் உள்ள எட்டுப் பேரை மூளை ஸ்கேனரில் படுக்கவைத்தார்கள். நடுக்கம் தானாக வந்தபோது ஒரு படம். அதே நடுக்கத்தை வேண்டுமென்றே செய்து காட்டச் சொல்லி இன்னொரு படம். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுதான். ‘இதை நான் செய்கிறேன்’ என்ற உணர்வோடு தொடர்புடைய வலது பக்கப் பகுதி ஒன்று, தானாக வந்த நடுக்கத்தின்போது குறைவாக இயங்கியது. அதாவது, அந்த எட்டுப் பேரும் நடித்தபோது மூளை ஒரு விதமாகவும் நடிக்காதபோது வேறு விதமாகவும் இருந்தது.

இந்த வகையில் வலிப்பு மாதிரி வருவதும் உண்டு. கண்ணை இறுக மூடிக்கொண்டு, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, பல நிமிடம் நீடிப்பது இதில் அதிகம். ஆனால் பார்த்தவுடன் முடிவு கட்டக் கூடாது. உண்மையான காக்காய்வலிப்பு உள்ளவர்களுக்கே இதுவும் சேர்ந்து வருவதுண்டு. வீடியோவுடன் எடுக்கும் ஈஈஜி என்ற மூளை மின்னலைப் பதிவுதான் பிரித்துக் காட்டும். வந்த நேரத்தில் செல்போனில் எடுத்த ஒரு சிறு வீடியோ டாக்டருக்குப் பெரிய உதவி. மிளகாய்ப் புகை போடுவது, கன்னத்தில் அறைவது, கையில் சாவிக்கொத்தைத் திணிப்பது, எதுவும் உதவாது.

நினைவும் சுயமும் விட்டுப்போகும் இன்னொரு வடிவத்தை எல்லோரும் பார்த்திருப்போம். ஆவணி மாதத்தில் புன்னைநல்லூர் மாரியம்மன் கோயிலுக்குப் போனால், உடுக்கைச் சத்தத்தில் அருள் வந்து ஆடும் பெண்களைக் காணலாம். அது நோயா? 2022 ஜனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள, உலக சுகாதார நிறுவனத்தின் ஐசிடி-11 வகைப்பாடு இதற்குத் தெளிவாக விடை சொல்கிறது: ஊர் ஏற்றுக்கொண்ட வழிபாட்டின் பகுதியாக வருவது நோய் இல்லை. சாமி அழைத்தால் வருகிறது, திருநீறு இட்டால் மலையேறுகிறது, ஆடியவர் மறுநாள் களை பறிக்கப் போய்விடுகிறார். காத்து கருப்பு அடித்தது என்று சொல்லப்படும் பெண்ணுக்கு வருவதோ அழைக்காமல் வருகிறது, அவரைத் துன்புறுத்துகிறது, பிழைப்பைக் கெடுக்கிறது. அதற்குத்தான் ‘ஆவேச மயக்கக் கோளாறு’ என்ற பெயர்.

யாரைப் பிடிக்கிறது என்பது இன்னும் முக்கியமான கேள்வி. மானிடவியலாளர் இசபெல் நபோகோவ், தஞ்சைக்கு வடக்கே பழைய தென்னார்க்காட்டில் 1990-களின் தொடக்கத்தில் பேயோட்டும் சடங்குகளை அருகிலிருந்து பதிவுசெய்தார். பிடிக்கப்பட்டவர்களில் புதிதாகக் கல்யாணமான பெண்கள் நிறைய. பிடித்த பேய்களோ பெரும்பாலும் அற்பாயுளில் போன ஆண்கள். அவர்களில் பலர் காதல் கைகூடாமல் உயிரை விட்டவர்கள். பேயைப் பேசவைத்து, பேரும் ஊரும் சொல்லவைத்து, தலைமுடிக் கற்றையை மரத்தில் ஆணி அடித்து விரட்டிய பிறகு, அந்தப் பெண் திரும்பிப் போவது எதற்குள் அவளால் வாழ முடியவில்லையோ அதே புகுந்த வீட்டுக்குத்தான் என்று அவர் சுட்டிக்காட்டினார். பேய் போய்விடலாம். பேய் வரக் காரணமானது அடுப்படியிலேயே இருக்கிறது.

தமிழர்கள் இந்த நோய்களை அறிந்தது பெரும்பாலும் 2005-இல் வந்த இரண்டு படங்கள் வழியாக: ‘சந்திரமுகி’, ‘அந்நியன்’. ஒருவருக்குள் பல ஆட்கள் இருக்கும் நிலை உண்மையிலும் உண்டு. இந்தியாவில் பதிவானவை மிகக் குறைவு. நம் ஊரில் அதே துன்பம் பெரும்பாலும் ‘பிடித்தல்’ என்ற வடிவத்தையே எடுக்கிறது. படத்தில் காட்டுவதுபோல அவர்கள் கொலைகாரர்கள் இல்லை. சிறுவயதில் தாங்க முடியாத கொடுமைக்கு ஆளானவர்களே அவர்களில் மிகுதி. தப்பி ஓட முடியாத குழந்தை, மனத்தால் விலகிப்போகக் கற்றுக்கொள்கிறது.

தட்டில் மிஞ்சும் சோறு

நெல் விளையும் ஊரில் சாப்பிட மறுப்பவரைப் புரிந்துகொள்வது கடினம். ‘அடம்’, ‘பிகு’ என்பார்கள். அனோரெக்சியா நெர்வோசா என்ற நோயை 1873-இல் பாரிசில் லசேகும், அதே காலத்தில் லண்டனில் வில்லியம் கல்லும் விவரித்தபோது அங்கேயும் குடும்பங்கள் அதைத்தான் சொல்லின.

அது அடம் இல்லை என்பதற்குப் பலமான சாட்சி, நோயாளிகள் அல்லாதவர்களிடமிருந்து கிடைத்தது. 1944-45-இல் அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ், தாமாக முன்வந்த 36 ஆரோக்கியமான இளைஞர்களை ஆறு மாதம் பாதிப் பட்டினியில் வைத்தார். போரில் பட்டினி கிடந்தவர்களுக்கு எப்படி உணவு கொடுப்பது என்று அறிவதுதான் நோக்கம். வாரங்கள் போகப்போக அந்த இளைஞர்கள் சமையல் புத்தகங்களைச் சேர்த்தார்கள். ஒரு தட்டு உணவைத் துண்டு துண்டாக வெட்டி நெடுநேரம் தின்றார்கள். கனவிலும் பேச்சிலும் சாப்பாடே வந்தது. எரிச்சலும் மனச்சோர்வும் சேர்ந்தன. பட்டினி மூளையை மாற்றிவிடுகிறது. மாறிய மூளை நோயைத் தொடர்ந்து நடத்துகிறது. “ஒரு வாய் சாப்பிட்டாத்தான் என்ன?” என்ற கேள்விக்கு அந்த நிலையில் அவரிடம் பதில் இருக்காது.

மேற்கத்திய நூல்கள் ‘குண்டாகிவிடுவேன்’ என்ற பயத்தைத்தான் இந்நோயின் மையமாகச் சொல்கின்றன. ஹாங்காங்கில் சிங் லீ 1990-களில் பார்த்த பல நோயாளிகளிடம் அந்தப் பயமே இல்லை. வயிறு உப்புகிறது, பசிக்கவில்லை என்றார்கள். இந்தியாவில் பதிவானவர்களிலும் அப்படிச் சொன்னவர்கள் உண்டு. அதனால் இங்கே இந்நோயாளி முதலில் போவது வயிற்று டாக்டரிடம். சென்னையில் டி.என். சீனிவாசனும் குழுவினரும் 1998-இல் வெளியிட்ட ஆய்வு, மருத்துவ மாணவர்களிடையே ‘உணவுத் துயரம்’ என்று அவர்கள் பெயரிட்ட இலேசான வடிவத்தைக் கண்டது. நோய் நம்மிடம் இல்லை என்று சொல்லிவிட முடியாது என்பதற்கு அது ஆரம்பச் சான்று.

விரதத்தையும் நோயையும் குழப்பிக்கொள்ளக் கூடாது. காரைக்கால் அம்மையார் அழகையும் தசையையும் துறந்து பேய் வடிவத்தைக் கேட்டு வாங்கியவர். கங்கைகொண்ட சோழபுரத்தில் ஆடும் இறைவனின் காலடியில் எலும்பு தெரிய அமர்ந்திருப்பவர் அவர்தான். அது பக்தியின் மொழி. சஷ்டி விரதம் இருப்பவர் ஏழாம் நாள் இலை போட்டுச் சாப்பிடுகிறார். முடிக்க நினைத்தாலும் முடிக்க முடியாத விரதம் நோய். அருள் வருவதற்கும் ஆவேசத்துக்கும் நடுவே நாம் பார்த்த கோடுதான் இங்கேயும்.

எதிர்த் திசையில் இன்னொன்று உண்டு: மண், சாம்பல், அடுப்புக்கரி, சுண்ணாம்பு தின்னும் பழக்கம். மருத்துவம் இதைப் பைக்கா என்கிறது. பச்சரிசியை அள்ளி அள்ளி மெல்வதும் இதன் பக்கத்து வீடு. அரிசி தின்றால் கல்யாணத்தன்று மழை வரும் என்று பாட்டிகள் மிரட்டுவது அதற்குத்தான். இரும்புச்சத்துக் குறைவு உள்ளவர்களிடம், குறிப்பாகக் கர்ப்பிணிகளிடம் இந்த ஆசை அதிகம். இரும்புச்சத்து மாத்திரை கொடுத்தால் பலருக்குத் தானாக அடங்கிவிடுகிறது. இதற்கும் அடி வாங்கிய குழந்தைகள் எத்தனை!

குணமா, நோயா

நான்காவது வகைக்கு மன்னிப்பே கிடைப்பதில்லை. “திமிரு”, “கொழுப்பு”, கடைசியில் “நாய் வாலை நிமிர்த்த முடியுமா?” ஆளுமைக் கோளாறு என்பது வாலிபத்திலேயே தொடங்கி, தன்னைப் பற்றிய எண்ணத்திலும் பிறரோடு பழகுவதிலும் தொடர்ந்து முறிவை உண்டாக்கும் நிலை. அதன் பழைய வகைப் பெயர்களில் பெரும்பாலானவற்றை ஐசிடி-11 கைவிட்டு, எவ்வளவு தீவிரம் என்று முதலில் பார்க்கச் சொல்கிறது. தனிப் பெயரோடு மிஞ்சியது ‘பார்டர்லைன்’ வகை ஒன்றுதான். கைவிட்டுவிடுவார்களோ என்ற தீராத பயம், மணிக்கு மணி மாறும் மனநிலை, நேற்று தெய்வமாக இருந்தவர் இன்று எதிரியாவது, தன் உடம்பையே காயப்படுத்திக்கொள்வது ஆகியவை அதன் அடையாளங்கள்.

பழமொழிக்கு ஆராய்ச்சி பதில் சொல்லியிருக்கிறது. அமெரிக்காவின் மெக்லீன் மருத்துவமனையில் மேரி ஜனரினி 290 பார்டர்லைன் நோயாளிகளை 1992 முதல் தொடர்ந்து கவனித்துவந்தார். பத்தாண்டு முடிவில் 93 சதவீதம் பேருக்குக் குறைந்தது இரண்டு ஆண்டாவது அறிகுறிகள் நோய் அளவுக்குக் கீழே இறங்கியிருந்தன. வேலை, உறவு எல்லாம் சேர்ந்த முழு மீட்சி பாதிப் பேருக்கு. வால் நிமிர்கிறது, நாளாகிறது. இந்நோய்க்குப் பலன் தரும் பேச்சு சிகிச்சை ஒன்றை உருவாக்கிய மார்ஷா லினஹன், தான் 17 வயதில் அடைக்கப்பட்டிருந்த அதே மருத்துவமனைக்கு 2011-இல் போய், தானும் அந்த நோயாளிகளில் ஒருத்திதான் என்று எல்லோர் முன்னிலையிலும் சொன்னார்.

ஆனால் நாள் கடப்பதற்கு ஆள் உயிரோடு இருக்க வேண்டும். சாக வேண்டும் என்ற உந்துதல் பெரும்பாலும் சிறிது நேரமே உச்சத்தில் இருக்கும். அந்த நேரத்தில் கைக்கு எட்டும் தூரத்தில் என்ன இருக்கிறது என்பதே உயிரைத் தீர்மானிக்கிறது. விவசாய வீட்டில் அது பூச்சிமருந்து. மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமாரின் ‘சினேகா’ அமைப்பு, வீராணம் ஏரிப் பக்கத்துக் காட்டுமன்னார்கோயில் பகுதியில் இரண்டு கிராமங்களில் பொதுக் கிடங்கு கட்டி, பூட்டுப் பெட்டிகளில் விவசாயிகள் மருந்தை வைக்கச் செய்தது. கிடங்கு இல்லாத இரண்டு கிராமங்களோடு ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விவசாயிகள் அதை ஏற்றுக்கொண்டார்கள். பூச்சிமருந்துத் தற்கொலைகள் குறைந்தன என்று 2013-இல் வெளியான ஆய்வு சொல்கிறது. கடலுக்கு அப்பால் இலங்கை, கொடிய பூச்சிமருந்துகளை 1995 முதல் படிப்படியாகத் தடைசெய்தது. இருபது ஆண்டில் நாட்டின் மொத்தத் தற்கொலை விகிதமே ஏறத்தாழ 70 சதவீதம் இறங்கியது.

கோயிலும் கிளினிக்கும்

டெல்டாவில் மனம் சரியில்லை என்றால் முதலில் போகும் இடம் ஆஸ்பத்திரி இல்லை. திருச்சியிலிருந்து முசிறி போகும் வழியில், காவிரியின் வடகரையில் குணசீலம். பிரசன்ன வெங்கடாசலபதி கோயிலில் ஒரு மண்டலம், 48 நாள், தங்கவைப்பார்கள். காவிரியில் குளியல், உச்சிக்காலத்திலும் அர்த்தஜாமத்திலும் முகத்தில் அடிக்கும் தீர்த்தம். இதைக் கிண்டல் செய்வது எளிது. பெங்களூரு நிமான்ஸ் மனநல நிறுவனத்தின் மருத்துவர் ரகுராமும் குழுவினரும் தமிழ்நாட்டின் வேறொரு கோயிலில் தங்கிய 31 மனநோயாளிகளை ஆராய்ந்து 2002-இல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதினார்கள். நோய் அறிகுறிகள் ஏறத்தாழ 20 சதவீதம் குறைந்திருந்தன. அங்கே மந்திரமோ தனிச் சடங்கோ பெரிதாக இல்லை. வேலை, ஒழுங்கு, திட்டாத மனிதர்கள், கூடவே ஒரு சொந்தக்காரர். அவ்வளவுதான்.

கோயில் தரும் முக்கியமான மருந்து அதுவாகத்தான் இருக்க வேண்டும்: அங்கே யாரும் ‘நடிக்கிறா’ என்று சொல்வதில்லை. துன்பத்துக்கு ஒரு காரணம் கிடைக்கிறது, அந்தக் காரணம் நோயாளியின் குற்றம் ஆவதில்லை. அதே நம்பிக்கை சங்கிலியாக மாறினால் என்ன நடக்கும் என்பதை 2001 ஆகஸ்ட் 6 காட்டியது. ராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் கட்டிப் போடப்பட்டிருந்த 28 பேர் தீயில் கருகினார்கள். இன்று மனநோயாளியைச் சங்கிலியில் பிணைப்பது 2017-ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். கோயிலுக்குப் போவதும் மாத்திரை சாப்பிடுவதும் ஒன்றையொன்று விலக்க வேண்டியதில்லை என்பதுதான் ஏர்வாடிக்குப் பிறகு நாடு கற்ற பாடம். அதற்கு முன்பே, 1996-இல் மத்திய அரசு மாவட்ட மனநலத் திட்டத்தைத் தொடங்கியபோது முதலில் எடுத்துக்கொண்ட நான்கு மாவட்டங்களில் ஒன்று நம் திருச்சி. இப்போது மாவட்டத் தலைமை மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு உண்டு. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் எந்நேரமும் தமிழில் பேசலாம், காசில்லை.

வீட்டுக்காரர்கள் கேட்க வேண்டிய கேள்விகள் மூன்று. இது தொடங்கிய சமயத்தில் வீட்டில் என்ன நடந்தது? இது வந்தால் அவருக்கு எதைச் செய்யாமல் இருக்க முடிகிறது, எதைச் சொல்ல முடிகிறது? அதை நோய் இல்லாமலே சொல்ல நாம் இடம் கொடுத்திருக்கிறோமா? இந்த நான்கு வகை நோயும் வீட்டில் பேச்சுரிமை குறைந்தவர்களிடம், மருமகளிடமும் வளரும் பிள்ளைகளிடமும், அடிக்கடி வருவது தற்செயல் இல்லை. நோயாளிக்கு மட்டும் மருந்து கொடுத்து வீட்டை அப்படியே விட்டால், நபோகோவ் பார்த்த சடங்குக்கும் நம் சிகிச்சைக்கும் பெரிய வித்தியாசம் இருக்காது.

பதில்களைத் தேட நாள் எடுத்துக்கொள்ளலாம். ஆனால் கீழ்க்கண்டவை வந்தால் காத்திருக்க வேண்டாம்: முதல் முறை வலிப்பு, திடீரென்று கை கால் விழுவது, சாப்பிடாமல் மயங்கி விழுவது அல்லது மாதவிலக்கு நின்றுபோவது, சாவைப் பற்றிய பேச்சு. காரணம் மனமா உடம்பா என்று வீட்டில் உட்கார்ந்து வாதிடாமல், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போங்கள்.